சிங்கப்பூரில் மெக்கானிக் ஆக வேண்டும், அனுபவம் இல்லை: எந்த வாசல் யாருக்கு?

"அண்ணே, வண்டி ரிப்பேர் வேலைக்குப் போகலாம்னு இருக்கேன். ஆனா இதுவரைக்கும் ஸ்பேனர் பிடிச்சதே இல்லை. எங்கே போய்ச் சேர்றது?"

இப்படிக் கேட்பவர்களில் தேசிய சேவையை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கும் பையன்கள் உண்டு. சில வருடம் சாப்பாடு டெலிவரி ஓட்டிவிட்டு, இப்படியே போனால் நாற்பது வயதில் கையில் ஒரு தொழில் இருக்காதே என்று கவலைப்படுபவர்கள் உண்டு. ஆட்குறைப்பில் வேலை போய், வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் கழுத்தில் இருக்க, புதிதாக ஒன்றைத் தொடங்க வருபவர்களும் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் அது யாருக்கும் உதவாது.

உள்ளே நுழைய இங்கே முக்கியமாக நான்கு வழிகள் இருக்கின்றன. பேட்டையில் இருக்கும் சின்ன வொர்க்‌ஷாப், கார் விற்கும் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர், பேருந்து டிப்போ, அப்புறம் ஐடிஇ என்று நாம் சொல்லும் தொழில்நுட்பக் கல்விக் கழகம். மோட்டார் சைக்கிள் கடையைத் தனியாகச் சொல்கிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருடத்தில் சம்பளம் நூறு, இருநூறு வெள்ளி கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக எதுவும் மாறிவிடாது. உங்கள் பக்கத்தில் நிற்கும் மூத்த மெக்கானிக் வாய் திறந்து சொல்லித் தருகிறாரா, உங்களை வண்டியில் கை வைக்க விடுகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே ஒவ்வொரு வழியையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

வேலை இருக்குமா?

இருக்கும். இந்தச் சின்னத் தீவில் ஏறத்தாழ ஒரு மில்லியன் வாகனங்கள் ஓடுகின்றன. சொந்தக் கார் மூன்று வயதானதும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும், பத்து வயதைத் தாண்டினால் வருடா வருடம். சிஓஇ (காரைப் பத்து வருடம் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்) விலை ஏற ஏற, பழைய காரைக் கழிக்காமல் சிஓஇயைப் புதுப்பித்து ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇ 106,000 வெள்ளிக்குப் போனது நினைவிருக்கும். பத்து வயது தாண்டிய கார் என்றால் ஆயில் கசியும், புஷ் தேயும், ரேடியேட்டர் ஒழுகும், ஏர்கான் கூலிங் காயில் போகும். அந்தக் காயிலை மாற்ற டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். இதெல்லாம் நாள் முழுக்கக் கையால் செய்கிற வேலை.

மாறிக்கொண்டிருப்பது வேலையின் தன்மை. அதைப் பின்னால் பார்ப்போம்.

சின்ன வொர்க்‌ஷாப்

சின் மிங், ஊபி, காக்கி புக்கிட், புக்கிட் பாத்தோக், டிஃபு லேன் பக்கம் போனால் வரிசையாக இருக்கும். ஒரு தவ்கே (முதலாளி), இரண்டு மூன்று போமன் (மூத்த மெக்கானிக்), ஒரு ஹெல்ப்பர். சான்றிதழ் கேட்க மாட்டார்கள். ஆள் தேவை என்றால் "நாளைக்கே வா" என்பார்கள். நான்கு வழிகளில் கதவு மிக எளிதாகத் திறப்பது இங்கேதான்.

இங்கே கிடைக்கிற அனுபவத்தின் அகலம் வேறு எங்கும் கிடைக்காது. காலையில் டொயோட்டா வையோஸ் கார் ஒன்று பிரேக் சத்தத்தோடு வரும். மதியம் கம்பெனிக்காரரின் ஹையேஸ் வேன் ஸ்டார்ட் ஆகாமல் வரும். சாயங்காலம் பேரலல் இம்போர்ட்டில் (அதிகாரபூர்வ விற்பனையாளர் வழியாக அல்லாமல்) வந்த ஏதோ ஒரு ஜப்பான் கார், அதற்கு என்ன பார்ட்ஸ் பொருந்தும் என்றே தேட வேண்டியிருக்கும். ஒரே வருடத்தில் பத்துப் பதினைந்து மாடல்களின் குணம் தெரிந்துவிடும்.

ஆனால் இங்கே கல்வி முழுக்க முழுக்க ஒரு மனிதரைச் சார்ந்தது. நல்ல போமன் எப்படி இருப்பார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எஞ்சின் ஆயில் மாற்றும்போது ஆயில் தட்டின் அடியில் இருக்கும் டிரெய்ன் பிளக்கைத் திரும்பப் பூட்ட வேண்டும். புதுப் பையன் ராட்செட்டை எடுத்து நேராக இறுக்கப் போவான். நல்ல போமன் கையைப் பிடித்து நிறுத்துவார். "முதல்ல விரலால நாலு சுத்து போகட்டும். விரலால போகலைன்னா மரை கோணலாப் பிடிச்சிருக்கு, எடுத்துட்டு மறுபடி வை." அந்தத் தட்டு பல கார்களில் அலுமினியம். மரை போனால் ஒரு போல்ட்டுக்காகத் தட்டையே மாற்ற வேண்டி வரும். வாஷரைப் புதிதாகப் போடச் சொல்வார், ஏன் என்றும் சொல்வார். இரண்டு நிமிடம்தான் ஆகும். ஆனால் அந்தப் பையன் அதற்குப் பிறகு எந்த போல்ட்டைத் தொட்டாலும் முதலில் விரலால்தான் திருகுவான்.

இதற்கு நேர்மாறான இடங்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) தமிழ்ப் பையன் ஒருவன் மூன்று வருடமாக டயர் கழற்றுவதும், ஆயில் வடிப்பதும், பார்ட்ஸ் கடைக்கு ஓடுவதும், தரை கூட்டுவதுமாகவே இருந்தான். ஸ்கேனரைத் தொட்டதில்லை. மல்டிமீட்டரை எங்கே வைத்துப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியாது. கெட்டிக்காரப் பையன், சொல்லித்தர ஆள் இல்லை, அவ்வளவுதான். மூன்று வருடம் போனது போனதுதான் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து ஆறு மாதத்துக்குள் பிரேக் பேட் மாற்றி, பிரேக் லைனில் காற்று எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள், ஸ்டார்ட் ஆகாத வண்டி என்றால் பேட்டரியா, ஆல்டர்னேட்டரா, ஸ்டார்ட்டரா என்று நீங்களே பிரித்துச் சொல்ல வேண்டும். மீட்டரை வைத்தால் ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருக்கும். இதை உங்கள் கையால் அளந்து பார்க்கிற வாய்ப்பே ஒரு வருடத்தில் வரவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். விசுவாசம் என்று நினைத்து அங்கேயே இருக்க வேண்டாம்.

மொழியும் ஒரு விஷயம். பல கடைகளில் பேச்சு ஹொக்கியனும் மாண்டரினும் கொஞ்சம் மலாயுமாக ஓடும். அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். சாமான்களின் பெயர், எண்கள், "பிடி", "விடு", "மெதுவா" என்பதெல்லாம் சில மாதத்தில் பழகிவிடும். பழகியவனிடம் போமன்கள் மனம் விட்டுப் பேசுவார்கள்.

சின்ன இடம் என்பதால் காகிதம் இல்லாமல் வேலை தரப் பார்ப்பவர்களும் உண்டு. "கையில காசு வாங்கிக்கோ, மசேநிதி (மத்திய சேமநிதி) வேண்டாம்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். முக்கிய வேலை நிபந்தனைகளைச் சேர்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும், சம்பளச் சீட்டு தர வேண்டும் என்பது சட்டம். மாதம் 4,500 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் வாங்கும் உடலுழைப்புத் தொழிலாளிக்கு வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் உண்டு, வாரம் ஒரு ஓய்வு நாளும் உண்டு. கைவேலை செய்பவருக்குச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் வேலையிடக் காயக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். ஜாக்குக்கும் ஹாயிஸ்ட்டுக்கும் அடியில் நிற்கப் போகிறீர்கள். இதில் வெட்கப்படாமல் கேளுங்கள்.

நிறுவன சர்வீஸ் சென்டர்

லெங் கீ சாலை, அலெக்சாண்ட்ரா சாலை, ஊபி, பாண்டான் பக்கம் இருக்கும் பெரிய பெயர்கள். தரை சுத்தம், சீருடை, நேரத்துக்குச் சம்பளம், மருத்துவச் சலுகை. எல்லாவற்றையும் விட, பயிற்சி முறைப்படி நடக்கும். கார் தயாரிப்பாளரே படிநிலை வைத்திருப்பார். மெர்சிடிஸில் பராமரிப்புத் தொழில்நுட்பர், சிஸ்டம் தொழில்நுட்பர், டயக்னோசிஸ் தொழில்நுட்பர் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் சக்கர நட்டை இறுக்கினால் அங்கே கேள்வி வரும். முதல் நாளிலிருந்தே நல்ல பழக்கம் வருவதற்கு இது அருமையான இடம்.

குறை என்ன? அனுபவம் இல்லாதவருக்குக் கதவு அவ்வளவு லேசில் திறக்காது. பெரும்பாலும் நைட்டெக் (ஐடிஇ தரும் தொழில் சான்றிதழ்) கேட்பார்கள். படிப்பு இல்லாதவர் சர்வீஸ் உதவியாளராகவோ, வண்டியை எடுத்து நிறுத்துபவராகவோ, கழுவுபவராகவோ நுழைந்து, உள்ளேயிருந்து பயிற்சிக்கு மாறப் பார்க்கலாம். அப்படி மாறியவர்கள் அங்கே யாராவது இருக்கிறார்களா என்று நேர்காணலிலேயே கேளுங்கள். ஒரு பெயரையாவது சொல்ல முடியாவிட்டால் அந்தப் பாதை பேச்சளவில்தான் இருக்கிறது.

இன்னொன்று, வருவதெல்லாம் புது வண்டிகள். சர்வீஸ், வாரன்டி, திரும்ப அழைக்கப்பட்ட பாகம் மாற்றுவது என்று வேலை ஒரே மாதிரி சுற்றும். பழுதான பாகத்தைப் பிரித்துச் சரிசெய்வதை விட, முழுதாக மாற்றுவதே வழக்கம். ஒரே பிராண்டைப் பத்து வருடம் பார்த்தவர் வெளியே வந்தால் முதலில் கொஞ்சம் தடுமாறுவார்.

2017 டிசம்பரில் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு, வாரன்டிக்காக அதிகாரபூர்வ வொர்க்‌ஷாப்பில் மட்டுமே சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையைக் கார் விற்பனையாளர்கள் நீக்கினார்கள். அதனால் புதிய கார்களும் வெளிக் கடைகளுக்கு வரத் தொடங்கின. நிறுவனத்தில் ஒழுங்காகப் பயின்ற கை ஒன்று வெளியில் வந்தால், நல்ல தனியார் வொர்க்‌ஷாப்கள் வரவேற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பேருந்து டிப்போ

இதைப் பற்றி நம் மக்கள் அதிகம் யோசிப்பதில்லை, எனக்கு அது வருத்தம்தான். குடும்பத்தோடு, சேமிப்புக் கரையக் கரையப் புதுத் தொழில் தேடுபவருக்கு நான் முதலில் காட்டும் வாசல் இதுதான்.

2016இல் பேருந்துக் குத்தகை முறை வந்ததிலிருந்து, எஸ்பிஎஸ் டிரான்சிட், எஸ்எம்ஆர்டி, டவர் டிரான்சிட், கோ-அஹெட் ஆகிய நிறுவனங்கள் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்பந்தத்தில் பேருந்துகளை ஓட்டுகின்றன. பழுதாகி நடுவழியில் நிற்கும் பேருந்து அவர்களுக்குத் தலைவலி. ஆகவே பராமரிப்புக்கு ஆள் எப்போதும் வேண்டும். "அனுபவம் தேவையில்லை, பயிற்சி தரப்படும்" என்று தொழில்நுட்பருக்கு விளம்பரம் வருவதைப் பார்க்கலாம். பயிற்சிக் காலத்திலும் சம்பளம், மசேநிதி, ஷிஃப்ட் படி. தேசியப் போக்குவரத்து ஊழியர் சங்கமும் இருக்கிறது, குறை இருந்தால் சொல்ல ஓரிடம் உண்டு.

கற்கும் விதமும் நன்றாக இருக்கும். ஒரே மாதிரி வண்டி நூற்றுக்கணக்கில் வருவதால் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து கை படியும். காற்று பிரேக்கில் கசிவு தேடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நடு இரவில் எஞ்சினை நிறுத்திவிட்டு, பள்ளத்தில் இறங்கி, காது கொடுத்துக் கேட்க வேண்டும். "ஸ்ஸ்" என்று மெல்லிய சத்தம் வரும் திசையில் சோப்புத் தண்ணீரை அடித்தால், கசியும் இணைப்பில் குமிழி கிளம்பும். அந்தக் குமிழியை முதன்முறை தானாகக் கண்டுபிடித்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அங்கேயே அவர் மெக்கானிக் ஆகிவிடுகிறார் என்றுகூடத் தோன்றும். பேருந்தின் பிரேக், கதவு என்று பல இடங்களில் காற்றுதான் வேலை செய்கிறது. ஒன்று பிடிபட்டால் மற்றதும் பிடிபடும்.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். பகலில் பேருந்து சாலையில் இருக்கும், ஆகவே வேலையின் பெரும்பகுதி இரவில். விடிவதற்கு முன் முதல் பேருந்து கிளம்பியாக வேண்டும். டிப்போக்கள் புலிம், மண்டாய், லோயாங் என்று ஊரின் ஓரங்களில் இருக்கின்றன. கடைசி ரயில் போன பிறகு வீட்டுக்குப் போக என்ன ஏற்பாடு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாகங்கள் கனமானவை, முதுகைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், பின்னாளில் கார் பக்கம் மாற நினைத்தால் சிலவற்றைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். ஏர்கான், மின்சுற்று, பழுதைத் தேடும் முறை ஆகியவை அப்படியே கூட வரும்.

டிப்போவுக்குச் சாதகமான இன்னொரு பெரிய விஷயம் மின்சாரப் பேருந்து. 2030க்குள் பொதுப் பேருந்துகளில் பாதியை மின்சாரத்துக்கு மாற்றுவது என்பது அரசின் இலக்கு. இப்போது டிப்போவில் சேர்பவர் டீசலில் தொடங்கி, சம்பளம் வாங்கிக்கொண்டே மின்வாகனத்துக்கு மாறலாம். அந்தப் பயிற்சியை வெளியில் காசு கொடுத்துப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஐடிஇயும் மற்றப் படிப்புகளும்

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை வண்டிமேல் உயிராக இருந்தால் அதிகம் யோசிக்க வேண்டாம், ஐடிஇ. சுவா சூ காங்கில் இருக்கும் மேற்குக் கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. இப்போது மூன்று வருடத்தில் நேராக உயர் நைட்டெக் முடிக்கும்படி பாடத்திட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். அடுத்து வேலை-படிப்புப் பட்டயத்துக்குப் போனால், ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஒன்று மட்டும் பெற்றோருக்கு: பிள்ளை ஐடிஇ போகிறான் என்று உறவினர் முன் குரலைத் தாழ்த்திச் சொல்லாதீர்கள். மின்சுற்று வரைபடத்தை வாசிக்கத் தெரிந்த மெக்கானிக்குக்கு இந்த ஊரில் நல்ல மதிப்பு இருக்கிறது. அதை முறைப்படி கற்றுத்தரும் இடம் அது.

பெரியவர்களுக்கு நிலைமை வேறு. 25 வயதிலிருந்து, படிப்புக் கட்டணத்துக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை 500 வெள்ளி உண்டு. 40 வயதானவர்களுக்கு 2024 மே முதல் கூடுதலாக 4,000 வெள்ளி கொடுத்திருக்கிறார்கள், அதைத் தேர்ந்தெடுக்கப்பட்ட படிப்புகளுக்கு மட்டுமே பயன்படுத்த முடியும். குறிப்பிட்ட முழுநேரப் படிப்புகளில் சேரும் 40 வயதுக்காரருக்கு 2025 முதல் மாதம் 3,000 வெள்ளி வரை பயிற்சிப் படியும் உண்டு. முன்பு வாங்கிய சம்பளத்தில் பாதி என்ற கணக்கில் அது வரும். இதெல்லாம் நல்ல உதவிதான்.

ஆனால் கையில் கிரீஸ் படாமல் முதலில் சான்றிதழ் வாங்கக் கிளம்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். இரண்டு நாள் வகுப்பின் சான்றிதழைப் பார்த்து எந்த தவ்கேயும் எஞ்சினைப் பிரிக்கக் கொடுக்கமாட்டார். ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு அதே வகுப்பில் போய் உட்காருங்கள். வாத்தியார் சென்சார் என்று சொல்லும்போது, போன வாரம் ஊபியில் உங்களைப் பாடாய்ப்படுத்திய அந்த சென்சார் கண்முன் வரும். கேள்வி கேட்கத் தெரியும். அப்போதுதான் அந்த 4,000 வெள்ளிக்குப் பலன். ஐடிஇயின் பகுதிநேர வகுப்புகள் இதற்குப் பொருத்தமானவை.

மோட்டார் சைக்கிள் கடை

முதலீடு குறைவு, வேலை சீக்கிரம் கைக்கு வரும், நம் ஆட்களும் மலாய்க்காரர்களும் நடத்தும் கடைகள் நிறைய. டெலிவரி ஓட்டியவருக்கு வண்டியின் அடிப்படை ஏற்கனவே தெரிந்திருக்கும். செயின், பிரேக், கிளட்ச், டியூனிங் என்று சில மாதத்தில் பயனுள்ள ஆளாகிவிடலாம். ஆனால் சம்பளம் ஓரளவுக்கு மேல் நகராது, சொந்தக் கடை போட்டால்தான் உயரலாம்.

மின்வாகனம் எந்த வாசலை எப்படி மாற்றுகிறது

2024இல் சிங்கப்பூரில் அதிகம் விற்ற மின்கார் பிராண்ட் சீனாவின் பிஒய்டி. அந்த வருடம் பதிவான புதுக் கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்கார். 2025 முதல் புது டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்ய முடியாது. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்களும் டாக்சிகளும் தூய்மையான எரிசக்தியில் ஓட வேண்டும். அந்தக் கணக்கில் ஹைபிரிடும் சேரும்.

மின்காரில் எஞ்சின் ஆயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடிப்பதால் பிரேக் பேட்டும் மெதுவாகத்தான் தேயும். ஆயில் மாற்றும் வருமானத்தையே நம்பியிருக்கும் சின்னக் கடைக்கு இது இடி. ஆனால் டயர், சஸ்பென்ஷன், ஏர்கான், ஸ்டீயரிங், 12 வோல்ட் மின்சுற்று எல்லாம் அப்படியே இருக்கின்றன. சொல்லப்போனால் மின்கார் கனமானது, டயரும் சஸ்பென்ஷனும் நிறைய உழைக்கின்றன. அதனால் சின்னக் கடையில் சேர்பவர் அண்டர்கேரேஜையும் (வண்டியின் அடிப்பாகம்) ஏர்கானையும் மின்சாரத்தையும் பிடித்துக்கொள்ளட்டும். ஆயில் வடிப்பதோடு நின்றுவிட்டால் பத்து வருடம் தாங்காது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது. மின்கார் பேட்டரி 400 வோல்ட் அளவில் இருக்கும், சிலவற்றில் 800. ஆரஞ்சு நிறக் கம்பிகளைக் கண்டால் கை பின்னால் போக வேண்டும். அதற்குரிய ரப்பர் கையுறை, உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் முறை, யாரும் திரும்ப இணைக்காதபடி பூட்டுவது, மின்தேக்கி வடியும்வரை காத்திருப்பது, மீட்டரை வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று உறுதி செய்வது, இத்தனையும் தெரியாமல் யாரும் தொடக் கூடாது. ஹைபிரிடிலும் இதே ஆபத்து உண்டு. என்இவிஎஸ்எஸ் என்ற மின்வாகனப் பாதுகாப்புச் சான்றிதழ் இங்கே இதற்காகவே இருக்கிறது. பயிற்சி இல்லாத பையனிடம் "ஒன்னும் ஆகாது, கழட்டு" என்று சொல்லும் முதலாளி எவ்வளவு சம்பளம் தந்தாலும் வேண்டாம். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு

மலேசியர்கள் சேவைத் துறையில் வேலை அனுமதியோடு வரலாம். ஜொகூரிலிருந்து தினமும் வந்து ஹெல்ப்பராகத் தொடங்குபவர்கள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வருவது அப்படியல்ல. சேவைத் துறையில் இந்தியர்களுக்கு வேலை அனுமதி, சமையற்காரர் போன்ற குறிப்பிட்ட சில வேலைகளுக்குத்தான். மெக்கானிக்காக வர எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் கொண்ட வெளிநாட்டு ஊழியருக்கான அனுமதி) வேண்டும். அதற்கு 2025 செப்டம்பர் முதல் புதிய விண்ணப்பங்களில் குறைந்தது 3,300 வெள்ளி சம்பளம் காட்ட வேண்டும், நிறுவனத்துக்கு ஒதுக்கீட்டு வரம்பும் உண்டு. அனுபவமே இல்லாத ஒருவருக்கு அந்தச் சம்பளத்தையும் இடத்தையும் கொடுக்க எந்த முதலாளி முன்வருவார்? ஆகவே "அனுபவம் தேவையில்லை, சிங்கப்பூரில் மெக்கானிக் வேலை, இத்தனை லட்சம் கட்டுங்கள்" என்று ஊரில் யாராவது சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள். சிங்கப்பூர் முகவர் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம். முகவரின் உரிம எண்ணை மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்க முடியும். ஊரிலேயே இரண்டு மூன்று வருடம் நல்ல சர்வீஸ் சென்டரில் கற்றுவிட்டு முயற்சி செய்வதே பத்திரமான வழி.

சரி, யார் எங்கே போவது?

வீட்டுப் பொறுப்பு உள்ளவருக்கு, இரவு வேலையை உடம்பு தாங்கும் என்றால், டிப்போ. இரவு வேலை முடியாதென்றால் நிறுவன சர்வீஸ் சென்டரில் உதவியாளராக நுழையப் பாருங்கள். சம்பளத்தில் ஒரு அடிமட்டம் இருக்கிறது: வெளிநாட்டவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம், 2024 ஜூலை முதல் உள்ளூர் முழுநேர ஊழியருக்கு 1,600 வெள்ளிக்குக் குறைத்துத் தர முடியாது. அதற்குக் கீழே யாராவது பேசினால் மேலே பேச வேண்டாம்.

தேசிய சேவை முடித்த பையனுக்கு, சேவையில் வாகனப் பராமரிப்புப் பிரிவில் இருந்திருந்தால் அதைப் பெரிதாக எழுதிக்கொண்டு நிறுவன சர்வீஸ் சென்டருக்கே போகலாம். இல்லையென்றால் ஐடிஇ அல்லது டிப்போ. சின்ன வொர்க்‌ஷாப்பை நான் இரண்டாவது இடமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். அடிப்படை ஒழுங்கோடு போகிறவனுக்கு அந்த அகலம் பொன்னாக இருக்கும், ஒன்றும் தெரியாமல் போகிறவனுக்கு அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நல்ல போமன் ஒருவரை உங்களுக்கு நேரடியாகத் தெரியும் என்றால் மட்டும் முதல் நாளே அங்கே போங்கள்.

எங்கே போவதாக இருந்தாலும் கார் உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆட்டோ மட்டும் ஓட்டும் 3ஏ வேண்டாம், மேனுவலையும் சேர்த்த வகுப்பு 3. சரிசெய்த வண்டியை ஓட்டிப் பார்க்க முடியாதவர் பாதி வேலைக்காரர்தான், வேன்களிலும் சின்ன லாரிகளிலும் மேனுவல் கியர் இன்னும் வருகிறது.

கையெழுத்துப் போடும் முன் ஒரு மணி நேரம் அந்த இடத்தில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். தூக்கிய வண்டிக்கு அடியில் ஸ்டாண்ட் வைக்கிறார்களா, சின்னப் பையன் கேள்வி கேட்டால் பெரியவர் நின்று பதில் சொல்கிறாரா, திட்டி அனுப்புகிறாரா, ஹெல்ப்பராகச் சேர்ந்தவர் யாராவது இப்போது தனியாக ஒரு வண்டியைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். டெலிவரியிலிருந்து வருபவர் என்றால், மோட்டார் சைக்கிள் கடையில் சனிக்கிழமைகளில் மட்டும் சில வாரம் உதவிக்குப் போய்ப் பாருங்கள். ஓட்டும் வேலையை அதற்காக விட வேண்டியதில்லை.